தூணருகே இரண்டு தடவை

எங்கள் பழைய இசைத்தட்டை இந்த வருடம் மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். கனமான அட்டை, உள்ளே பளபளவென்று ஒரு தாள். அந்தத் தாளில் யாரோ ஒருவர், நாங்கள் வாசித்த காலத்தில் பிறந்தேயிருக்காதவர், எழுதியிருக்கிறார்: எங்கள் ஸவ்டிஸ்டல் குழு வாசிக்கும்போது ரசிகர்கள் தேவாலயத்தில் இருப்பதுபோல் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்களாம். பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுத் தாளைச் சமையலறை மேசையில் கவிழ்த்து வைத்தேன். எம்மெராம் இருந்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பான்.

அசையாமல் உட்கார்ந்தார்கள் என்பது உண்மை. அதுதான் நான்கு வருடமும் அவனை அரித்தது.

நாங்கள் நான்கு பேர். எம்மெராம் லையர் வாசித்தான். மடியில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு மரச்சக்கரம் நரம்புகளை உரசிக்கொண்டே இருக்கும், அந்த வாத்தியம். அதற்குள் பழைய கிராமபோனிலிருந்து கழற்றிய ஒரு ஒலிவாங்கியைப் பொருத்தி மின்சாரம் கொடுத்திருந்தான். சுற்ற ஆரம்பித்தால் மரம் அறுக்கும் ஆலைக்குள் தேனீக்கூடு கலைந்ததுபோல் இருக்கும். ஓட்மார் எலெக்ட்ரிக் கிடார். நான் பேஸ் கிடார், குழுவில் ஒரே பெண். டிரம்ஸுக்கு டெட்லெஃப், வடக்கே ஓல்டன்பர்க்கிலிருந்து படிக்க வந்து படிப்பை விட்டவன். தெற்கே எங்கள் பக்கத்தில் வடக்கத்தியான் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், பிரஷ்யாக்காரன். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தான்.

வாசித்ததெல்லாம் எங்கள் பக்கத்து நாட்டார் ஆட்டப் பாட்டுகள். அதிலும் முக்கியமாக ட்ஸ்வீஃபாகர். இரட்டைநடை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றடி வால்ட்ஸும் இரண்டடித் திருப்பமும் மாறி மாறி வரும். எத்தனை வால்ட்ஸ், எத்தனை திருப்பம் என்பது பாட்டுக்குப் பாட்டு வேறு, ஊருக்கு ஊர் வேறு. தெரிந்த கால்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஆடும். தெரியாத கால்கள் நான்காவது அடியில் துணையின் காலை மிதிக்கும்.

எம்மெராமுக்கு வேண்டியது ஒன்றுதான். நாங்கள் வாசிக்க, யாராவது அதற்கு ஆட வேண்டும்.

மாணவர் அரங்குகளில் எங்களுக்கு நல்ல பெயர். நீளமுடிப் பையன்களும் பெண்களும் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். எர்லாங்கனில் ஒருமுறை எம்மெராம் பாட்டை நடுவில் நிறுத்தினான்.

"எழுந்திருங்கப்பா. இது ஆடறதுக்கான பாட்டு. உக்காந்துகிட்டு என்ன பண்றீங்க?"

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பலமாகக் கைதட்டினார்கள். அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

"தயவுசெஞ்சு சொல்றேன், எழுந்திருங்க" என்றான்.

இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவன் வண்டியில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். எங்கள் வண்டி பழைய ரொட்டிக்கடை வண்டி, மழை பெய்தால் இன்னும் மாவு வாசனை வரும். டெட்லெஃப்தான் எப்போதும் ஓட்டுவான். அவன் சமாதானமாகச் சொன்னான்: "அவங்களுக்குப் பிடிச்சிருந்தது, எம்மெராம்."

"பிடிச்சிருந்ததா? சவத்துக்கு முன்னால உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருந்தாங்கடா. கண்ணாடிப் பெட்டியில வச்ச நரியைப் பார்க்கிற மாதிரி நம்மளைப் பார்க்கறாங்க."

"நகரத்துப் பிள்ளைங்களுக்கு ஆடத் தெரியாது."

"உனக்கு அடிக்கவே தெரியாது, பிரஷ்யாக்காரா. அவங்களை ஏன் சொல்றே."

அது அநியாயம். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. டெட்லெஃப் நல்ல டிரம்காரன், நேரான நாலடியில் அவனை யாரும் அசைக்க முடியாது. இரட்டைநடை மட்டும் அவன் உடம்பில் ஏறவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் எழுதி டிரம் மேல் ஒட்டிக்கொள்வான். வால்ட்ஸுக்கு வட்டம், திருப்பத்துக்குக் கோடு. உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். மியூனிக்கில் எங்கள் இசைத்தட்டைத் தயாரித்தவர் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தச் சிரமம்? முழுசும் நாலடியா அடிச்சிடுங்க, கேட்கிறவங்களுக்கும் சுலபம்" என்றார். எம்மெராம் அவரிடம் கத்தினான். டெட்லெஃபுக்காகக் கத்துகிறானா, டெட்லெஃபைப் பார்த்துக் கத்துகிறானா என்று அங்கே யாருக்கும் புரியவில்லை.

ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிற ஊர்களில் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். எம்மெராமின் சொந்த ஊரான கால்டன்ரீட் உட்பட. அங்கே அவன் அண்ணன் ஸெவெரின் பண்ணை வைத்திருந்தான். அந்தப் பகுதியில் ஸெவெரின் அளவுக்கு இரட்டைநடை ஆடுகிறவன் இல்லை என்பார்கள். கனத்த உடம்பு, ஆடும்போது மட்டும் எடை எங்கே போகும் என்று தெரியாது. மனைவி புர்கலைத் தவிர வேறு யாரோடும் ஆட மாட்டான். தம்பியின் இசையைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கருத்துச் சொல்லியிருந்தான், பால் கறந்துகொண்டே: "மாட்டுக்கு இது கேட்டா பால் திரிஞ்சிடும்."

நான்காவது வருடம் செப்டம்பரில் கால்டன்ரீட் கிர்வா திருவிழாவுக்கு வழக்கமாக வாசிக்கும் பித்தளை வாத்தியக் குழுவின் தலைவர் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். குழுவில் பாதிப் பேர் அவருடைய மகன்கள், அப்பா இல்லாமல் வாசிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கிர்வாவை நடத்துவது ஊரின் கல்யாணமாகாத இளைஞர்கள். அவர்களின் தலைவன் ஹார்ட்ல், டிராக்டர் பழுது பார்க்கிறவன், எங்கள் ஒலிநாடா வைத்திருந்தான். தொலைபேசியில் கூப்பிட்டான்.

எம்மெராம் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "லிண்டெல், நம்ம ஊர்ல கூப்பிட்டிருக்காங்க" என்றான். "ஸெவெரின் வருவான். வராம இருக்க முடியாது. கிர்வாவுக்கு வராம யாரு இருப்பா?"

அடுத்த மூன்று வாரம் ஒத்திகையில் அவன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

"அங்க மேடையில நம்ம பட்டியல் செல்லாது" என்றான். "ஆடறவன் முன்னால வந்து நின்னு ரெண்டு வரி பாடுவான். எதைப் பாடறானோ அதைத்தான் வாசிக்கணும். அவன் பாடி முடிக்கும்போது நாம ஆரம்பிச்சிருக்கணும்."

"நமக்குத் தெரியாத பாட்டா இருந்தா?" என்றான் ஓட்மார்.

"தெரிஞ்சுக்கணும்."

"நமக்குக் காது கேக்கலன்னா?"

"ரெண்டாவது தடவை பாடுவான். மூணாவது தடவை எவனும் பாட மாட்டான். அவன் பிச்சை கேக்க வரல பாரு."

டெட்லெஃப் தாளிலிருந்து நிமிர்ந்தான். "அப்ப என்ன ஆகும்?"

"வாசிக்கறவன் அவனை அவமானப்படுத்திட்டான்னு அர்த்தம். அவனோட சேர்ந்தவங்க எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. நீங்க கவலைப்படாதீங்க. பாட்டுக் கேக்க வந்தா நான் பார்த்துக்கறேன். என் ஊரு."

கிர்வா திங்கட்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். சதுக்கத்தில் கிளை சீவிய உயரமான மரம் நட்டிருந்தார்கள், உச்சியில் மட்டும் பச்சை. அதற்கு எதிரில் விடுதிக்காரரின் பெரிய களஞ்சியம், அதுதான் ஆட்டக்கூடம். வைக்கோல் வண்டிகள் இரண்டைச் சேர்த்து மேடை. டெட்லெஃபின் டிரம்ஸை அதன் பின்னால் பீர்ப் பெட்டிகள் மேல் உயர்த்தி வைத்தோம். அங்கிருந்து அவனுக்கும், இடது ஓரத்தில் நின்ற எனக்கும், ஜன்னல் வழியாகச் சதுக்கம் முழுக்கத் தெரிந்தது. லையர் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம். எம்மெராம் முன்னால் ஒரு முக்காலியில் தாழ்வாக உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்தது கூடத்தின் பலகைச் சுவர்தான்.

மின்சாரம் எடுக்கும் இடம் இடதுபக்கத் தூணில் இருந்தது. கதிரடிக்கும் இயந்திரத்துக்காகப் போட்டது. வயரின் நீளம் போதவில்லை. "பெட்டியை அந்தத் தூண்கிட்டயே வச்சிடு" என்று எம்மெராம் ஓட்மாரிடம் சொன்னான். இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். ஆள் உயர ஒலிபெருக்கி, இரண்டு பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக.

பாட்டுக் கேட்க வருகிறவர்கள் கால்டன்ரீட்டில் எப்போதும் அந்தத் தூணருகேதான் நின்று பாடுவார்கள். பித்தளைக் குழுத் தலைவர் நிற்பது அங்கே. தூணில் ஆள் தோள் உயரத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருக்கும், அத்தனை பேர் சாய்ந்து பாடியிருக்கிறார்கள். நாலு வயதிலிருந்து அந்தக் கூடத்தைப் பார்த்தவன் எம்மெராம். அன்று அவன் கண்ணுக்கு அது மின்சாரம் வருகிற தூணாக மட்டும் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கூடம் நிறைந்தது. நீள மேசைகளில் பன்றி வறுவல், மாவுருண்டை, கிர்வாவுக்கென்று நெய்யில் பொரித்த உப்பல் அப்பம். ஸெவெரின் முன்மேசையில் புர்கலோடு உட்கார்ந்திருந்தான், வெள்ளிப் பொத்தான் வைத்த உள்கோட்டு. தம்பியைப் பார்த்துத் தலையசைத்தான், பக்கத்துப் பண்ணைக்காரனைப் பார்த்து அசைப்பதுபோல்.

வாசிக்க ஆரம்பித்தோம்.

முதல் பாட்டுக்கு யாரும் எழவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. இது மாணவர் அரங்கு அமைதி அல்ல. சாப்பிட்டுக்கொண்டே எங்களை எடைபோட்டார்கள். குனி அத்தை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு கிழவி ரொட்டியின் வெள்ளைப் பகுதியைப் பிய்த்து உருட்டி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்கும் உருட்டிக் கொடுத்தாள்.

"குறைடா, குறைடா" என்றான் எம்மெராம், ஓட்மார் பக்கம் திரும்பி.

"குறைச்சா என் கிடார் கிடார் மாதிரி இருக்காது" என்றான் ஓட்மார்.

"அது எப்பவுமே கிடார் மாதிரி இருந்ததில்ல."

மூன்றாவது பாட்டின் நடுவில் ஸெவெரின் எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, உள்கோட்டைக் கீழே இழுத்துவிட்டு, புர்கலைக் கூட்டிக்கொண்டு தூணுக்கு வந்தான். பெட்டி அங்கே நிற்பதைப் பார்த்தான். அதற்கும் தூணுக்கும் நடுவே இருந்த இடுக்கில் தோளைச் சாய்த்து நின்றான். எம்மெராமின் முக்காலியிலிருந்து பார்த்தால் அவன் முழுக்கப் பெட்டிக்குப் பின்னால்.

ஸெவெரின் வாயைத் திறந்து பாடினான்.

நான் அவன் உதடுகளைப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி எங்கள் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. நான் எம்மெராமைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து கண்மூடிச் சுற்றிக்கொண்டிருந்தான். மறுபடி கத்தினேன். நிமிர்ந்தான். தாடையால் தூணைக் காட்டினேன். பெட்டி சரிகிறது என்று புரிந்துகொண்டான். காலை நீட்டிப் பெட்டியின் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, நன்றி என்பதுபோல் சிரித்தான். நான் அவனை நோக்கிப் போனேன். என் வயர் இழுத்துப் பிடுங்கிக்கொண்டது. பெட்டியில் வெடிபோட்டதுபோல் ஒரு சத்தம். அவன் ஓட்மாரைத் திட்டினான்.

அதற்குள் ஸெவெரின் இரண்டாவது தடவை பாடி முடித்திருந்தான்.

கூடம் முழுக்க அதைப் பார்த்தது. கரண்டிகள் நின்றுவிட்டன. ஸெவெரின் அங்கேயே நின்றான். பாட்டு முடிந்தது. ஆனால் எங்கள் பாட்டுகள் முடிந்தாலும் முடியாது. ஓட்மார் கிடாரை ஒலிபெருக்கியின் முன் பிடித்து ஒரு நீண்ட ஊளையை எழுப்புவான், மியூனிக் தயாரிப்பாளருக்கு மிகவும் பிடித்த இடம். அது தேய்ந்து அடங்கும்வரை ஸெவெரின் அந்த ஊளையின் முன்னால், முகம் சிவக்க, கைகளைத் தொங்கப் போட்டு நின்றான். பிறகு புர்கலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான்.

முன்மேசை எழுந்தது. அடுத்த மேசை எழுந்தது. குனி அத்தை ரொட்டி உருண்டைகளைக் காதிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். ஹார்ட்ல் மேடையருகே ஓடி வந்தான்.

"என்ன பண்ணிட்டே எம்மெராம்? உன் அண்ணன் பாடிக் கேட்டாரு, நீ காலால பெட்டியை உதைக்கிறே."

"யாரு? எங்க?"

"தூண்கிட்ட. வேற எங்க நின்னு பாடுவாங்க?"

எம்மெராம் தூணைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவன் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதை எழுதப் போவதில்லை.

வெளியே மரத்தடியில் கிர்கல் அக்கார்டியனை எடுத்தான். அவன் அந்த ஊர் தபால்காரன், அக்கார்டியன் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக மாட்டான் என்பார்கள். காலியான கூடத்துக்குள் அந்தப் பாட்டு நன்றாகவே கேட்டது. ஆடுகிறவர்கள் சேர்ந்து பாடினார்கள்:

சாம்பல் வாத்தைக் காணலியே, குளத்தில காணலியே,
பாதிரி வீட்டுப் புகைக்கூண்டு நெய்மணக்குதடி.

"இதையா கேட்டான்?" என்றான் எம்மெராம்.

"இதான் இருக்கணும்" என்றேன்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

 அது அந்த ஊரில் மட்டும் இருக்கிற இரட்டைநடை. எந்தத் தொகுப்பிலும் கிடையாது. எங்களுக்கு அவன் அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வெளியூரில் வாசித்து என்ன பயன் என்று விட்டுவிட்டான். திடீரென்று கைப்பிடியைப் பிடித்தான்.

"வாசிப்போம்."

"எனக்குத் தாள் இல்ல" என்றான் டெட்லெஃப்.

"உனக்கு ஜன்னல் தெரியுதில்ல?"

"தெரியுது."

"கால் தெரியுதா?"

"எல்லார் காலும் தெரியுது."

"எங்க அண்ணன் காலைப் பாரு. அது எங்க விழுதோ அங்க அடி. எண்ணாதே. எண்ணினே, கொன்னுடுவேன்."

எம்மெராம் சுற்றினான். லையர் களஞ்சியத்தை நிரப்பி ஜன்னல் வழியாக வெளியே கொட்டியது. ஓட்மார் மெட்டைப் பிடித்துக்கொண்டான், அவனுக்கு அந்தத் திறமை உண்டு. நான் கீழ் சுரங்களை மட்டும் தொட்டுக்கொண்டு போனேன். டெட்லெஃப் கழுத்தை நீட்டி ஜன்னலைப் பார்த்தபடி ஒரு சுற்று முழுக்கத் தடுமாறினான். இரண்டாவது சுற்றில் அவன் உதடு எண்ணுவதை நிறுத்தியது. அன்றுதான் முதல் தடவையாக அவன் கையிலிருந்து இரட்டைநடை வந்தது.

வெளியே ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். கிர்கல் எங்களை மிஞ்சப் பார்த்தான். மின்சாரத்தோடு தபால்காரன் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவான்? அக்கார்டியனை மடக்கி நெஞ்சோடு சேர்த்து வாரை மாட்டிவிட்டுப் பீர்க் குவளையை எடுத்தான். இதை நான் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஆட்டம் நிற்கவில்லை. துணையோடு நடுவில் இருக்கும்போது இரட்டைநடையைப் பாதியில் விட்டு நிற்பது அங்கே யாரும் செய்யாத காரியம். ஸெவெரின் எங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புர்கலைச் சுற்றிக்கொண்டு, எடையில்லாமல் போனான். அவன் பின்னால் ஏழெட்டு ஜோடி. எல்லோரும் எங்கள் பாட்டுக்கு ஆடினார்கள். வேறு பாட்டே அங்கு இல்லை.

"ஆடறாங்களா?" என்று எம்மெராம் கத்தினான். சுவரைப் பார்த்தபடி கத்தினான்.

"ஆடறாங்க" என்றேன்.

"பிரஷ்யாக்காரா, ஆடறாங்களா?"

டெட்லெஃப் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். அவனைப் பார்க்க எம்மெராம் திரும்ப வேண்டும். திரும்பினால் கைப்பிடி தவறும். எழுந்து ஜன்னலுக்குப் போனால் லையர் நிற்கும், லையர் நின்றால் ஆட்டமும் நின்றுவிடும். அவன் முக்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினான், கழுத்தை நீட்டினான், ஒன்றும் தெரியவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தான். கடைசிச் சுற்றை முடித்துக் கைப்பிடியை விட்ட நொடியில் லையரை என் மடியில் போடாத குறையாகத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடினான்.

வெளியே ஜோடிகள் நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். கிர்கல் நெஞ்சில் அக்கார்டியனோடு நடுவில் நின்றிருந்தான். யார் பாட்டுக்கு ஆடினார்கள் என்று அந்தக் காட்சியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"கிர்கல் கையில பீர் இருந்தது. அவன் வாசிக்கல" என்றேன்.

"நீ எனக்காகச் சொல்றே."

"நான் பார்த்தேன், எம்மெராம்."

"இவனும் பார்த்தான். நீங்க ரெண்டு பேரும் பார்த்தீங்க. எப்பவும் எனக்குத்தான் சுவரு."

பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது ஸெவெரின் அந்தப் பக்கமாக வந்தான். எம்மெராம் வயரைச் சுருட்டுவதை நிறுத்தினான்.

"ஸெவெரின். தூண்கிட்ட நீ பாடினது எனக்குக் கேக்கல. நிஜமா."

"கூடத்துக்கே தெரிஞ்சுது, உனக்குக் கேக்கலன்னு."

"அப்புறம் வெளியே ஆடினீங்களே. எங்க பாட்டுக்கா ஆடினீங்க?"

ஸெவெரின் எங்கள் வண்டியின் டயரைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தான். காற்று குறைவாக இருந்தது.

"எந்தப் பாட்டு? நாங்க கிர்கலுக்கு ஆடினோம்" என்றான்.

பக்கத்தில் நின்ற கிர்கல் குவளைக்குள் சிரித்தான். "நான் அவ்வளவு நல்லாவா வாசிக்கறேன்?" என்றான். ஸெவெரின் அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிவிட்டான்.

எம்மெராம் மறுபடி கேட்கவில்லை. வயரைச் சுருட்டி முடித்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனோடு இருந்தது கடினம். எங்கே வாசித்தாலும் பாதியில் ஆர்வம் போய்விடும். சாப்பிடும்போது திடீரென்று கரண்டியைக் கீழே வைத்து, "அக்கார்டியன் வாரு மாட்டியிருந்ததா, தொங்கிட்டிருந்ததா?" என்பான். "மாட்டியிருந்தது" என்பேன். "அன்னிக்கு நீ தொங்கிட்டிருந்ததுன்னு சொன்னே." நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்தது. நான் கண்ணால் பார்த்த ஒன்றை, என்னோடு ஒரே கட்டிலில் படுக்கிறவனின் தலைக்குள் வைக்க எனக்கு வழி தெரியவில்லை. ஊருக்குத் தொலைபேசி செய்து இன்னொரு தடவை கேட்டுவிடு என்றேன். "கெஞ்சச் சொல்றியா?" என்றான்.

நவம்பரில் ஒரு காலை, பாம்பெர்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்மார் ரயிலில் போய்விட்டான். எனக்குக் காய்ச்சல், வண்டியின் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே போர்வை விரித்துப் படுத்திருந்தேன். வெளியே பனிமூட்டம். முன்னிருக்கையில் இரண்டு பேரும் பேசுவது பாதி உறக்கத்தில் கேட்டது.

"உண்மையைச் சொல்லு. நீ பார்த்தியா?"

"எத்தனை தடவை சொல்றது? உன் அண்ணன் காலைப் பார்த்துதானே அடிச்சேன். அவரு காலு வேற எங்கயோ போயிருந்தா நான் எங்க போயிருப்பேன்?"

"நீ எப்பவும் எங்கயோதான் போவே."

டெட்லெஃப் சிரித்தான். அவன் சிரிப்புதான் நான் கடைசியாகக் கேட்டது. எதிரே பீட்ரூட் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் சாலையில் ஏறியிருக்கிறது. பெட்டிகள் என்னைச் சுற்றி நெருக்கிப் பிடித்துக்கொண்டன. தூணருகே நின்ற அதே பெட்டிகள். எனக்கு ஒரு விலா எலும்பு முறிந்தது. முன்னால் இருந்தவர்கள் இருவரும் இறந்துவிட்டார்கள்.

டெட்லெஃபை அவன் பெற்றோர் ஓல்டன்பர்க்கிற்குக் கொண்டுபோனார்கள். எம்மெராமைக் கால்டன்ரீட்டில் புதைத்தோம். நானும் எம்மெராமும் வசந்தத்தில் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். இன்னும் மனைவி ஆகாததால் சாவுச் சாப்பாட்டில் எனக்குக் குடும்ப மேசையில் இடமில்லை, இரண்டாவது மேசையின் முனையில் உட்கார வைத்தார்கள். ஈரல் உருண்டை போட்ட மாட்டுக்கறி சூப் வந்தது. குடிக்க முடியவில்லை. விலாவில் கட்டு.

சூப் தட்டுகளை எடுத்த பிறகு ஸெவெரின் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தான். பின்னாலேயே புர்கலும் வந்து நின்றாள். அவன் மேசைத்துணியின் மடிப்பை நகத்தால் நீவினான். ரொம்ப நேரம் நீவினான்.

"உங்க டிரம்காரன்" என்றான்.

"டெட்லெஃப்" என்றேன்.

"கடைசிச் சுத்துல, ரெண்டாவது திருப்பத்துக்கு அப்புறம் ஒரு அடி அதிகமா அடிச்சிட்டான். வால்ட்ஸ் வரவேண்டிய இடம். நான் புர்கல் காலை மிதிச்சேன். அவ காலை நான் ஒருநாளும் மிதிச்சதில்ல."

"நகம் கறுத்துப்போச்சு" என்றாள் புர்கல் மெதுவாக. "இப்பத்தான் விழுந்து புதுசு முளைக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கிர்கல்கிட்ட டிரம் கிடையாது" என்றேன்.

ஸெவெரின் மடிப்பையே நீவிக்கொண்டிருந்தான்.

"அப்போ நீங்க எங்க பாட்டுக்குத்தான் ஆடினீங்க."

"அந்த மாதிரி இடியிடிக்கும்போது வேற எதுக்கு ஆடறது?"

"அதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு மாசம். ஒரு வார்த்தை. வண்டியில போகும்போதும் அதையேதான் கேட்டுட்டிருந்தான். கடைசி வரைக்கும்." என் குரல் உயர்ந்துவிட்டது. முதல் மேசையில் பேச்சு நின்றது. விலா குத்தியது.

"அவன் கேக்கலியே" என்றான் ஸெவெரின்.

"கேட்டான். வண்டிகிட்ட. நான் பக்கத்துல நின்னேன்."

ஸெவெரின் மடிப்பை நீவுவதை நிறுத்தினான். கண்கள் சிவந்து ஈரமாக இருந்தன. தாடை மட்டும் இறுகியே இருந்தது. ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கும் அதே தாடை.

"ஒரு தடவைதான் கேட்டான்" என்றான். "நான் ரெண்டு தடவை பாடினேன்."

புர்கல் அவன் தோளில் கைவைத்தாள். பரிமாறுகிற பெண் வேகவைத்த மாட்டுக்கறியோடு வந்து, அவனுக்கு இங்கே வைப்பதா அந்த மேசையில் வைப்பதா என்று தெரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.